சூடானதும் ஐடிலில் அணையும் இன்ஜின்: திராட்டில் பாடியா, கிராங்க் சென்சாரா?

பெட்ரோல் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஐடில் வேகம் (ஆக்ஸிலேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் சுற்றும் வேகம்) சற்றுக் கூடுதலாக இருக்கும். சூடானதும் 700–800 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) அளவுக்கு இறங்கும். இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் திராட்டில் பாடியில் கரி படிந்திருந்தால் அப்போது காற்று போதாது. இன்ஜின் தடுமாறித் தடுமாறி அணையும். ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்துப் பிடித்தால் சமாளிக்கும். அணைந்தாலும் பெரும்பாலும் உடனே ஸ்டார்ட் ஆகிவிடும்.

இன்ஜினின் சுழற்சியை உணர்ந்து அதன் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சாரின் கோளாறு வேறு ரகம். சாவியைத் திருப்பியதுபோல் பட்டென்று அணையும், ஓடிக்கொண்டிருக்கும்போதுகூட. அப்புறம் சூடு தணியும்வரை பல நேரம் ஸ்டார்ட் ஆகாது.

சந்தேகம் இருந்தால் முதலில் திராட்டிலைச் சுத்தம் செய்வதே என் கட்சி. கிளீனர் ஸ்ப்ரேயும் துணியும் போதும். சில கார்களில் அதன்பின் ஐடில் ரீலேர்ன், அதாவது ஐடில் அளவைக் கம்ப்யூட்டர் மறுபடி கற்றுக்கொள்ள வைப்பது, செய்யவேண்டி வரும். சென்சாரை மட்டும் ஊகத்தில் மாற்றாதீர்கள். ஸ்டார்ட்டர் சுற்றும்போது ஸ்கேனர் (காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி) ஆர்பிஎம்மைப் பூஜ்யம் என்று காட்டினால் சென்சாரின் வயரிங்கையும் பாருங்கள்.