எங்கள் டவுன் பொம்பா சுக்காரெலா (தன்னார்வத் தீயணைப்புப் படை): ஐந்துக்கு நாலு

தீபாவளிக்கு முந்தின வாரம் எங்கள் வீட்டு அடுப்படியில் தீப்பிடித்தது. முறுக்குச் சட்டியைப் பார்த்துக்கொள் என்று அம்மா சொல்லிவிட்டுப் போனார். நான் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எண்ணெய் பற்றியதும் புத்தி கெட்டுப்போய்த் தண்ணீரை ஊற்றினேன். நெருப்பு தகரக் கூரை வரை எழும்பியது. மூடியைப் போட்டு அடுப்பை அணைத்திருந்தால் அத்தோடு முடிந்திருக்கும்.

குளிர்ப்பெட்டியில் ஒட்டியிருந்தது பொம்பாவின், அதாவது மலேசியத் தீயணைப்புப் படையின், பழைய 994 எண் ஸ்டிக்கர். நல்லவேளை, இப்போதைய அவசர எண் 999 நினைவுக்கு வந்தது. "பொம்பா" என்றதும் மாற்றிவிட்டார்கள். முகவரி சொல்வதற்குள்தான் உயிர் போனது. தோட்டத்து லயத்துக்கு ஏது தெருப் பெயர்? மாரியம்மன் கோயிலைத் தாண்டி, செம்பனை லாரி நிற்கும் இடத்துக்குப் பின்னால் என்று மூன்று முறை சொன்னேன்.

முதலில் வந்தது சுக்காரெலா ஆட்கள். சம்பளம் கிடையாது, எல்லாரும் ஊர்க்காரர்கள். டயர் கடை அண்ணன் நகத்தில் கிரீஸோடு குதித்து இறங்கினார். பிய்ந்து தொங்கிய பூட்ஸ் அடியை மோட்டார் டியூப் துண்டால் கட்டியிருந்தார். வந்தவர் முதலில் கேஸ் தோங்கை (சிலிண்டரை) மூடி, அந்தப் பதினாலு கிலோ கேஸ் தோங்கை அப்படியே அலாக்காகத் தூக்கி வாசலுக்குக் கொண்டுபோனார். அதற்கப்புறம்தான் தண்ணீர். ஹோஸ் இணைப்பில் ஒழுகி எங்கள் வாசலையும் கழுவிவிட்டது. ஒரு புள்ளி குறைத்தது அதற்காக.

நெருப்பு அடங்கிய பிறகுதான் பெரிய டவுனிலிருந்து சம்பளப் பொம்பா வண்டி வந்தது. தாமதம் என்று சொல்லமாட்டேன், தூரம் அப்படி. மூச்சுக் கருவி மாட்டிக்கொண்டு உள்ளே போய், கூரைப் பலகையைப் பெயர்த்து, ஒளிந்திருந்த தணலை அணைத்தார்கள். அது சுக்காரெலாவால் முடியாத வேலை, அந்தக் கருவி அவர்களிடம் இல்லை. அந்த வண்டியில் வந்தவர்களில் ஒருவர் பொம்பா பந்துவானாம், அதாவது துணைத் தீயணைப்பாளர். மணிக்கணக்கில் அலவன்ஸ் வாங்கிக்கொண்டு நிலையத்திலேயே முறை பார்ப்பவர். மூன்று வகை ஆட்களும் ஒரே ஹோஸைச் சுருட்டியதைப் பார்த்தேன்.

ஒரு விஷயம் மட்டும் உறுத்துகிறது. எங்கள் வீட்டில் தீப்பிடித்தது இரவு எட்டு மணிக்கு. காலை பத்து மணி என்றால்? ஒருவர் மில்லில் இருப்பார், ஒருவர் பள்ளி வேன் ஓட்டிக்கொண்டிருப்பார். சுக்காரெலாவை நம்பலாம், பகலில் அவர்களை மட்டும் நம்பாதீர்கள். வீட்டில் ஒரு தீயணைப்பான் வாங்கி வையுங்கள்.

மறுவாரம் டயர் கடைக்கு ஒரு டப்பா முறுக்கு கொண்டுபோனேன். அண்ணன் திறந்து பார்த்துவிட்டு, "இது யார் சுட்டது, நீயா அம்மாவா?" என்று கேட்டார்.