‘கல் விழுவது இயற்கை’ என்று கைகழுவும் நிறுவனங்களிடம் எச்சரிக்கை

பெரிய பாறைச் சுவரில் ஏறுவதற்காக வழிகாட்டி நிறுவனம் எதையாவது அமர்த்தப் போகிறீர்களா? முன்பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். என்னையும் என் தோழியையும் அழைத்துச் சென்ற நிறுவனம், கல் விழும் ஆபத்தைக் கையாளத் தேர்ந்தவர்கள் தாங்கள் என்று சொல்லித்தான் பணம் வாங்கியது. தோழியின் காரை எலும்பு முறிந்தபின், “கல் விழுவது இயற்கை, நாங்கள் என்ன செய்ய முடியும்?” என்று கடிதம் எழுதிவிட்டது. செய்திருக்க வேண்டியவை எவ்வளவோ இருந்தன.

சுவரின் அடிவாரத்திலேயே அறிகுறி தெரிந்தது. மரக்கிளைகள் முறிந்து கிடந்தன, இலைகள் மேல் மாவு போலப் பாறைத்தூள் படிந்திருந்தது. மேலே பார்த்தால் பழுப்பேறிய பாறையின் நடுவே வெளுத்த தழும்பு. வழிகாட்டியிடம் காட்டியபோது, “விழ வேண்டியது விழுந்துவிட்டது, இனி பயமில்லை” என்றார். இது ஆபத்தான பேச்சு. ஒரு பாறைப் பலகை பெயர்ந்தால் அதைச் சுற்றியுள்ளவை பிடிமானம் இழந்து நிற்கும். அமெரிக்காவின் யோசெமிட்டி பூங்காவில் உள்ள எல் கேப்பிடன் என்ற பாறைச் சுவரில் 2017 செப்டம்பர் 27 அன்று விழுந்த பாறை, அடிவாரத்தில் இருந்த ஒருவரைக் கொன்றது. மறுநாள் அதே இடத்திலிருந்து அதைவிடப் பெரிய சரிவு வந்தது. புதுத் தழும்பைக் கண்டால் வேறு வழியில் ஏற வேண்டும், இல்லையென்றால் திரும்பிவிட வேண்டும். அடிவாரத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதும் கூடாது. எங்களை அங்கேதான் உட்கார வைத்திருந்தார்கள்.

புறப்பட்டதும் தாமதம். அவர்களுடைய வண்டி வர நேரமாகி, வெயில் சுவர் முழுவதையும் பிடித்தபிறகுதான் ஏறத் தொடங்கினோம். பனி ஒட்டியிருக்கும் சுவர்களில் வெயில் பட்டதும் கற்கள் கழன்று வரும். சுவிட்சர்லாந்தின் ஐகர் மலையின் வடமுகம் போன்ற இடங்களில் இருட்டிலேயே கிளம்புவது அதற்காகத்தான். பனியே இல்லாத கருங்கல் சுவரும் சும்மா இருப்பதில்லை. யோசெமிட்டியில் ஒரு பாறைச் செதிலை அளந்த ஆய்வாளர்கள், பகல் சூட்டில் அது சுவரை விட்டு ஒரு சென்டிமீட்டர் வரை விலகி, இரவில் மீண்டும் நெருங்குவதைக் கண்டு 2016-இல் வெளியிட்டார்கள். நாள்தோறும் இப்படி அசைந்து விரிசல் வளர்கிறது.

ஆனால் எங்கள் மேல் விழுந்த கற்களுக்கு வெயிலைக் குறை சொல்ல முடியாது. வழிகாட்டி சரளை நிறைந்த ஒரு திட்டில் நின்று சுமைப்பையை மேலே இழுத்துக்கொண்டிருந்தார். எங்களை அந்தத் திட்டுக்கு நேர் கீழே நங்கூரத்தில், அதாவது கயிற்றைக் கட்டப் பாறையில் பொருத்திய பிடிமானத்தில், கட்டியிருந்தார். கை எட்டும் தூரத்திலேயே, துருத்திய பாறையின் அடியில் உறுதியான இன்னொரு நங்கூரம் இருந்தது. கயிறு சரளையை வாரித் தள்ளியது. “கல்!” என்று கத்த வேண்டியது மலையேறுபவரின் முதல் கடமை. அவர் வாய் திறக்கவில்லை. ஏதோ விசில் போன்ற ஓசை கேட்டு, அண்ணாந்து பார்க்காமல் சுவரோடு ஒட்டினோம். முதல் கல் தோழியின் ஹெல்மெட்டில் சாய்வாகப் பட்டது. தாடை வார் பட்டென்று திறந்து ஹெல்மெட் கீழே போயிற்று. அடுத்த கல் தோளில் இறங்கியது. அரை அடி தள்ளி விழுந்திருந்தால் அவர் உயிரோடு இருந்திருக்க மாட்டார்.

நிறுவனம் எங்கள் இருவருக்கும் கொடுத்தது ஒரே வகை ஹெல்மெட். என்னுடையதைக் கழற்றி உட்புறம் பார்த்தேன். இஎன் 397 என்று அச்சிட்டிருந்தது. அது கட்டட வேலைக்கான ஐரோப்பியத் தர எண். எதிலாவது மாட்டிக்கொண்டால் தொழிலாளியின் கழுத்து இறுகாதபடி, 150 முதல் 250 நியூட்டன் (விசையின் அலகு) இழுவையிலேயே வார் திறந்துகொள்ளும். மலையேற்றத்துக்கு உரிய தரம் இஎன் 12492. அதன் வார் 500 நியூட்டன் வரை தாங்கியாக வேண்டும். உச்சியில் 5 கிலோ எடையை 2 மீட்டர் உயரத்திலிருந்து போட்டும் சோதிப்பார்கள். அந்த ஹெல்மெட்டும் தலையளவுப் பாறையைத் தடுக்காது என்பது உண்மை. அதனால்தான் எங்கே நிற்கிறோம், எப்போது ஏறுகிறோம் என்பது இன்னும் முக்கியம். ஆனால் எங்கள் மேல் விழுந்தவை கைப்பிடிக்குள் அடங்கும் கற்கள். சரியான ஹெல்மெட் இருந்திருந்தால் தலையிலேயே நின்றிருக்கும்.

இறங்கும்போது நடந்ததை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது. கல் பட்ட இடத்தில் கயிற்றின் உறை கிழிந்து, உள்ளே வெள்ளை இழைகள் பிதுங்கியிருந்தன. வழிகாட்டி அதை விரலால் தடவிக்கூடப் பார்க்காமல், அந்தக் கயிற்றிலேயே தோழியை இறக்கப் பார்த்தார். பக்கத்து வழியில் ஏறிக்கொண்டிருந்த ஒருவர்தான் கத்தித் தடுத்து, வந்து கிழிந்த பகுதியில் பாரம் விழாதபடி முடிச்சிட்டுக் கொடுத்தார். அவருக்கு நாங்கள் என்றும் கடன்பட்டவர்கள்.

நிறுவனம் ஒரு காசு திருப்பித் தரவில்லை. நாங்கள் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தைக் காட்டுகிறது. விழுந்துபோன ஹெல்மெட்டுக்கும் பணம் பிடித்துக்கொண்டது. என்னுடைய ஹெல்மெட்டையும் கயிற்றையும் அன்றே படம் எடுத்து வைத்ததால், முறையீட்டில் அவற்றை இணைத்திருக்கிறேன்.

நீங்கள் எந்த நிறுவனத்திடம் போனாலும், ஹெல்மெட்டின் தர எண், புறப்படும் நேரம், மேலே வேறு குழு இருந்தால் என்ன செய்வார்கள், சுமை இழுக்கும்போது உங்களை எங்கே நிறுத்துவார்கள் என்பவற்றை எழுத்தில் கேளுங்கள். “அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்” என்று பதில் வந்தால் பணம் கட்டாதீர்கள்.