வெட்டுவது அவர்கள், பூட்டுவது நாம்: பொள்ளாச்சிப் பிளைவுட் கடை ஒன்றின் சேவை

மின்கம்பி வராத இடத்தில் சமையலறை அலமாரிகளை நீங்களே செய்வதாக இருந்தால், அறுவை இயந்திரம் வாங்க வேண்டாம். பிளைவுட்டைக் கடையிலேயே அளவுக்கு வெட்டி வாங்கிக்கொள்ளுங்கள். பொள்ளாச்சியில் இதைச் செய்து தரும் கடை ஒன்றைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெயரைப் போடவில்லை, போட்டால் புகழ்வதை விளம்பரம் என்பீர்கள், குறை சொல்வதைப் பகை என்பீர்கள். இந்தச் சேவை இப்போது பல ஊர்களில் கிடைக்கிறது.

ஆனைமலைப் பக்கம் மேட்டுக்காட்டில் எங்கள் அப்பிச்சி (அம்மாவின் அப்பா) கட்டிய மாட்டுச்சாளை, அதாவது மாட்டுக்கொட்டகை, ஒன்று இருக்கிறது. கருங்கல் சுவர், ஓட்டுக்கூரை, கல் பாவிய தரை. அதைத்தான் குடியிருக்கத் தோதாக மாற்றிக்கொண்டிருக்கிறேன். மின்சாரம் முழுக்க சோலார். 150 ஆம்பியர்-மணி பேட்டரிகள் இரண்டு, தொடராக இணைத்து 24 வோல்ட்டில். கணக்குக்கு 3.6 யூனிட் என்றாலும் பாதிக்கு மேல் இறக்கினால் பேட்டரியின் ஆயுள் குறையும்; ஆகவே நம்பக்கூடியது 1.8 யூனிட்தான். விளக்கு, விசிறி, சின்ன ஃபிரிட்ஜ் எல்லாம் அதற்குள் அடங்கும். தச்சர்கள் கொண்டுவரும் அறுவை இயந்திரம் அடங்காது. ஓடும்போதே ஆயிரம் வாட்டுக்கு மேல் இழுக்கும். விசையை அழுத்துகிற நொடியில் அதைப்போலப் பல மடங்கு. இன்வெர்ட்டர் ஒரு முறை அலறிவிட்டு நின்றுவிடும். ஜெனரேட்டர் வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு தச்சர் யோசனை சொன்னார். டீசலுக்கு யார் பணம் தருவது என்பதை மட்டும் சொல்லவில்லை.

கடையில் இருப்பது மும்முனை மின்சாரத்தில் ஓடும் பேனல் சா, முழு ஷீட்டையே அறுக்கும் பெரிய மேசை இயந்திரம். பலகையைத் தள்ளும் மேசை தண்டவாளத்தில் போவதுபோல் நேராக ஓடுகிறது. பெரிய பிளேடுக்கு முன்னால் ஒரு சின்ன பிளேடு எதிர்த்திசையில் சுழன்று அடிப்பக்கத்தில் மெல்லிய கோடு கீறிக்கொண்டே போகிறது. லேமினேட் ஓரம் பல்லுப் பல்லாகச் சிதறாமல் இருப்பது அதனால்தான். கையால் அறுத்து இந்த ஓரத்தைக் கொண்டுவர நல்ல தச்சருக்கே பொறுமை வேண்டும்.

வெட்டும் இளைஞரிடம்தான் கடையின் மதிப்பே இருக்கிறது. எட்டுக்கு நான்கு ஷீட்டில் 24 அங்குல அகலத்தில் இரண்டு துண்டு கேட்டேன். பட்டியலைப் பார்த்துவிட்டு, "அக்கா, பிளேடு தின்கிற மூன்று மில்லிமீட்டரை யார் கணக்கில் எழுதுவது?" என்றார். நான்கடியில் இரண்டு 24 அங்குலம் எந்தக் காலத்திலும் வராது. அலமாரியின் ஆழத்தை 600 மில்லிமீட்டராக மாற்றச் சொன்னார், மாற்றினேன். 18 மில்லிமீட்டர் என்று விற்கும் பலகையை வெர்னியரில் அளந்து காட்டி, உண்மைத் தடிமனை வைத்து உள்ளகலங்களைத் திருத்திக் கொடுத்ததும் அவரே. இதற்கெல்லாம் தனிக்கூலி கிடையாது. கீல்களுக்கான 35 மில்லிமீட்டர் குழிகளையும் அங்கேயே போட்டுக்கொள்ளலாம். அதற்குக் குழிக்கு இவ்வளவு என்று வாங்குகிறார்கள், தாராளமாகக் கொடுக்கலாம்.

பலகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாத்திரம் கழுவும் தொட்டியடிக்கு ஐஎஸ் 710 முத்திரை உள்ள, தண்ணீர் தாங்கும் பிளைவுட் கேட்டேன். 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தும் ஒட்டு விடக் கூடாது என்பது அந்தத் தரத்தின் விதி. முத்திரையோடு இருக்கும் உரிம எண்ணை இந்தியத் தர அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பார்க்கலாம். கடைக்காரர் முகம் சுளிக்கவில்லை, அவரே ஷீட்டைத் திருப்பிக் காட்டினார். எனக்கு அதுவும் போதவில்லை. கழிவுத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து விறகடுப்பில் பழைய அலுமினியப் பாத்திரத்தில் போட்டு, பொழுது சாயும்வரை கொதிக்க விட்டேன். தண்ணீர் கறுப்புத் தேநீராக மாறியது. துண்டை எடுத்து உளியை ஓரத்தில் கொடுத்துத் தட்டினால் மரம்தான் பிளந்ததே தவிர, அடுக்குகளுக்கு நடுவே ஓடும் கரும்பழுப்புப் பசைக்கோடு விடவில்லை.

வீட்டுக்கு வந்தபின் எனக்கு மிஞ்சியது பூட்டுகிற வேலை. ஒரு பேட்டரி டிரில், திருகுகள், இரண்டு கிளாம்ப். சார்ஜர் ஒரு மின்விசிறி அளவுக்குத்தான் இழுக்கும். நடுப்பகல் வெயிலில் ஏற்றிவிட்டால் முடிந்தது. சிரமம் கொடுத்தது தரை. மாட்டின் மூத்திரம் வடிவதற்காகச் சாளையின் தரையை வாய்க்காலை நோக்கிச் சரித்துத்தான் பாவுவார்கள். என் அலமாரி வரிசையின் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் இரண்டு அங்குல வித்தியாசம். மண் போட்டு மட்டம் செய்தால் அந்தக் கல் தரை போய்விடும். எனக்கு மனம் வரவில்லை. கடையில் விற்கும் திருகு வைத்த பிளாஸ்டிக் கால்களை வாங்கி, டியூப் லெவலில் மட்டம் பிடித்து, ஒவ்வொரு காலையும் வேறு வேறு உயரத்தில் நிறுத்தினேன். பலகை தரையைத் தொடாததால் கரையானுக்கும் ஏறுவது எளிதல்ல. ஏறினாலும் காலில் மண்கோடு தெரிந்துவிடும்.

இனிக் குறை. துண்டுகளில் பெயரோ எண்ணோ எழுதித் தருவதில்லை. குட்டியானையில் வந்திறங்கிய குவியலில் எது பக்கப் பலகை, எது தட்டு என்று டேப்பும் கையுமாக உட்கார்ந்து பிரித்தேன். மர இழை எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று அவர்களாகக் கேட்கவும் மாட்டார்கள். பட்டியலில் அம்புக்குறி போட்டுக் கொடுங்கள்.

பெரிய குறை, ஓரப்பட்டி, அதாவது வெட்டிய ஓரத்தை மறைக்க ஒட்டும் மெல்லிய பட்டி. இயந்திரத்தில் சூடான பசை தடவி ஒட்டித் தருகிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. அடுப்பை ஒட்டிய இரண்டு கதவுகளில் சித்திரை வெயில் முடிவதற்குள் பட்டி நெளிந்து எழுந்துவிட்டது. சூட்டில் இளகி ஒட்டிய பசை சூட்டிலேயே இளகும், அதில் அதிசயம் இல்லை. ஆனால் அடுப்படிக்கு என்று பட்டியலில் எழுதிக் கொடுத்தும், வேறு பசை வேண்டுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. போய்ச் சொன்னதற்கு மறுபடி ஒட்டித் தருகிறேன், கதவைக் கழற்றிக் கொண்டுவாருங்கள் என்றார்கள். வண்டிக்கூலியை யார் தருவது? அந்த இரண்டுக்கும் மெல்லிய தேக்குச் சட்டம் இழைத்து மரப்பசையில் ஒட்டி, கிளாம்ப் போட்டு இரவு முழுக்க விட்டேன். இன்றுவரை அசையவில்லை.

அடுத்து பரணுக்குக் கதவுகள் வேண்டும். பட்டியல் எழுதிவிட்டேன், அதே கடைக்குத்தான். ஓரப்பட்டி வேண்டாம் என்று மேலேயே சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன்.