ஓடாத காருக்கு ஆயில் மாற்றம்: கிலோமீட்டர் கணக்கா, காலண்டர் கணக்கா?

இந்தியாவில் விற்கப்படும் பெரும்பாலான பெட்ரோல் கார்களின் கையேட்டில், எஞ்சின் ஆயிலை 10,000 கிலோமீட்டர் அல்லது 12 மாதம், இரண்டில் எது முன்னால் வருகிறதோ அப்போது மாற்ற வேண்டும் என்றிருக்கும். ஆண்டுக்கு ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓட்டாதவருக்கு இந்த வாக்கியத்தின் பின்பாதி கம்பெனிக்காரர்கள் காசு பார்க்கச் செய்த ஏற்பாடாகவே தோன்றும். அவர் நான்கு பேரிடம் யோசனை கேட்டால் குழப்பம் கூடுமே தவிரக் குறையாது. ஒருவர் கிலோமீட்டர் வரும்வரை தொடாதே என்பார். பழைய மெக்கானிக் ஆறு மாதம் தாண்டக் கூடாது என்பார். ஃபுல் சிந்தெடிக் எனும், நீண்டநாள் உழைக்கும் செயற்கை ஆயிலை ஊற்றியவர் இரண்டு ஆண்டு கவலையில்லை என்பார்.

இவர்களில் யார் சொல்வது சரி என்பது கார் எவ்வளவு ஓடுகிறது என்பதைவிட எப்படி ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. சென்னையில் இரண்டு கார்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று மாதம் ஒருமுறை மட்டும் விழுப்புரம் போய்த் திரும்புகிறது. ஆண்டுக்கு ஏறக்குறைய 3,800 கிலோமீட்டர். மற்றொன்று வாரம் இரண்டு முறை மூன்று கிலோமீட்டரில் உள்ள கடைத்தெருவுக்குப் போய் வருகிறது. ஆண்டுக்கு 600 கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். கிலோமீட்டர் கணக்கை மட்டும் பார்த்தால் முதல் காருக்கு மூன்று ஆண்டுக்குள்ளும் இரண்டாவது காருக்குப் பதினாறு ஆண்டுக்குப் பிறகும் ஆயில் மாற்ற வேண்டியிருக்கும். உண்மையில் ஆயில் சீக்கிரம் கெடுவது இரண்டாவது காரில்தான்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. அதில் பெரும்பகுதி புகைக்குழாய் வழியே ஆவியாகப் போய்விட்டாலும், ஒரு சிறு பகுதி எரியாத பெட்ரோலையும் அமில வாயுக்களையும் சேர்த்துக்கொண்டு பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி அடியிலுள்ள ஆயிலில் கலக்கிறது. ஆயில் நன்றாகச் சூடேறினால் இவை மறுபடி ஆவியாகி, காற்றோட்டக் குழாய் வழியே எஞ்சினுக்குள் இழுக்கப்பட்டு எரிந்துபோகும். ஆனால் டேஷ்போர்டில் நீல விளக்கு அணைவது குளிர்நீர் சூடேறிவிட்டதை மட்டுமே சொல்கிறது. ஆயில் அந்தச் சூட்டை எட்ட இன்னும் சில கிலோமீட்டர் ஓட வேண்டும். கடைத்தெருக் கார் அதற்குள் நின்றுவிடுகிறது. ஆண்டுக்கு 200 முறை ஸ்டார்ட் ஆகும் அந்த எஞ்சினில் ஒருமுறைகூட ஆயில் முழுச் சூட்டுக்கு வருவதில்லை. ஊட்டி, கொடைக்கானல் போன்ற ஊர்களில் இப்படி ஓடும் காரின் ஆயில் மூடியைத் திருகி எடுத்தால், உட்புறத்தில் மோரில் திரண்ட வெண்ணெய்போல வெளிர்நிறப் பிசுக்கு ஒட்டியிருப்பதைப் பார்க்கலாம். சென்னை வெயிலில் அது அபூர்வம். எனினும் கண்ணுக்குத் தெரியாத அமிலம் இங்கும் சேர்கிறது. அதை முறிப்பதற்காக ஆயிலில் கலந்துள்ள காரச் சேர்மங்கள் இங்கும் மெல்லத் தீர்ந்துகொண்டேதான் இருக்கின்றன.

கிலோமீட்டர் கட்சியினர் ஒரு நியாயமான வாதத்தை முன்வைப்பார்கள்: சீல் உடைக்காத டப்பாவில் ஆயில் ஐந்து ஆண்டு வரை கெடுவதில்லையே என்பார்கள். சரிதான், ஆனால் டப்பாவுக்குள் எதுவும் எரிவதில்லை.

ஆறு மாதக் கணக்கு, கச்சா எண்ணெயிலிருந்து வடித்த மினரல் ஆயில் காலத்தின் மிச்சம். 5,000 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம் என்று அன்று பழகிய கை, இன்றைய சிந்தெடிக் ஆயிலுக்கும் அதே ஸ்டிக்கரை ஒட்டி அனுப்புகிறது. சாதாரண பெட்ரோல் காருக்கு இது வீண்செலவு என்பது என் கருத்து. ஆனால் இரண்டு வகைக் கார்களுக்கு அந்தப் பழைய மெக்கானிக் சொல்வதைக் கேட்கலாம். நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் டர்போ எஞ்சின்களில் குறுகிய ஓட்டத்தின்போது ஆயிலில் பெட்ரோல் கலப்பது அதிகம். அதைவிட முக்கியமானவை 2020 ஏப்ரலுக்குப் பிந்தைய, பிஎஸ்-6 என்ற புகை மாசு விதிப்படி வந்த டீசல் கார்கள். இவற்றின் புகைவடிகட்டியில் சேரும் கரியை எரிக்க எஞ்சின் கூடுதல் டீசலைப் பீய்ச்சும். அந்த வேலை முடிவதற்குள் நாம் வண்டியை நிறுத்திவிட்டால், அடுத்த முறை அது மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் டீசல் ஆயிலுக்குள் இறங்கும். பெட்ரோலைப்போல டீசல் எளிதில் ஆவியாவதில்லை. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து, ஆயில் மட்டம் பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து மறுபடி விட்டுப் பாருங்கள்: ஆயில் மட்டம் மேல்கோட்டைத் தாண்டி ஏறியிருந்தால், காலண்டரையோ ஓடோமீட்டரையோ பார்க்க வேண்டியதில்லை, உடனே மாற்றிவிட வேண்டும். ஆயில் குறையாமல் இருக்கிறதே என்று மகிழ்ந்துபோகிறவர்கள்தான் இதில் ஏமாறுகிறார்கள்.

மற்ற எல்லோருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை என்பதே என் தேர்வு. வாரண்டி உள்ள காரில் இதற்கு மாற்றுப் பேச்சே இல்லை. காலக்கெடு தவறியதைக் காட்டி எஞ்சின் பழுதுக்கான கோரிக்கையை மறுக்க இடம் கொடுக்கக் கூடாது. வாரண்டி முடிந்த கடைத்தெருக் காருக்கும், ஃபில்டரும் கூலியும் சேர்த்து இரண்டாயிரம் மூன்றாயிரம் ரூபாயில் முடிகிற இந்த வேலையைத் தள்ளிப்போடுவதில் லாபமில்லை. இரண்டு ஆண்டுக் கணக்கு விழுப்புரம் கார் போன்றவற்றுக்கு மட்டுமே பொருந்தும்: வாரண்டி முடிந்திருக்க வேண்டும், கையேடு கேட்கும் தரத்தில் ஃபுல் சிந்தெடிக் ஊற்றியிருக்க வேண்டும், எடுக்கும்போதெல்லாம் நெடுந்தூரம் ஓட வேண்டும். ஆயிலின் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்த்து முடிவு செய்வது அறிவியல்பூர்வமான வழிதான். லாரி, ஜெனரேட்டர் வைத்திருப்பவர்களுக்கு அது கட்டுப்படியாகும், மூன்றரை லிட்டர் ஆயிலுக்கு அல்ல.

எந்தக் கணக்கைப் பின்பற்றினாலும், வாரம் ஒருமுறை நின்ற இடத்திலேயே ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் உறும விடும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். பேட்டரி வீணாகக் கூடாது என்று செய்யப்படும் இந்த உபகாரம், செலவான சார்ஜைக்கூட முழுதாகத் திருப்பித் தருவதில்லை. ஆயிலில் தண்ணீரையும் பெட்ரோலையும் சேர்க்க இதைவிட வசதியான முறையும் இல்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புறவழிச்சாலையில் அரைமணி நேரம் நிற்காமல் ஓட்டினால், ஆயில், பேட்டரி, டயர், பிரேக் நான்குக்கும் நல்லது.

ஏழெட்டு மாதம் வெளிநாட்டில் பிள்ளைகளிடம் போகிறவர்கள், ஆயிலைப் போகுமுன் மாற்றுவதா, வந்தபின் மாற்றுவதா என்று கேட்பதுண்டு. வந்தபின் என்பவர்கள், புது ஆயில் சும்மா கிடந்து வயதாகுமே என்கிறார்கள். போகுமுன் மாற்றுவதே மேல் என்பேன். பழைய ஆயிலோடு நிறுத்தினால் அதில் சேர்ந்த அமிலமும் ஈரமும் அத்தனை மாதமும் பேரிங்குகளின் மீது படிந்திருக்கும். புது ஆயிலை ஊற்றிய பிறகு இருபது கிலோமீட்டராவது ஓட்டி, அது எல்லா இடத்திலும் படர்ந்து சூடேறியபின் வண்டியை நிறுத்திவிட்டுப் போகலாம். திரும்பி வந்ததும் மறுபடி மாற்ற வேண்டியதில்லை. டிப்ஸ்டிக்கில் மட்டம் பார்த்துவிட்டு ஓட்டத் தொடங்கலாம், அடுத்த மாற்றத்தை ஊற்றிய தேதியிலிருந்து ஓர் ஆண்டு முடியும்போது வைத்துக்கொள்ளலாம்.