எம்.எஸ்சி. கடைசி செமஸ்டர் ப்ராஜெக்ட்: வெட் லேபா, கம்ப்யூட்டரா?

பயோடெக்னாலஜி, மைக்ரோபயாலஜி, பயோகெமிஸ்ட்ரி என்று எதைப் படித்தாலும், நான்காவது செமஸ்டர் நெருங்கும்போது ஒரே கேள்விதான். ப்ராஜெக்ட்டை வெட் லேபில், அதாவது கையால் சோதனை செய்யும் ஆய்வகத்தில் செய்வதா, பயோஇன்ஃபர்மேட்டிக்ஸில், அதாவது உயிரியல் தரவைக் கம்ப்யூட்டரில் ஆராய்ந்து செய்வதா? நான் வெட் லேப் பக்கம் போனவன். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன், ஆனால் ஒரு நிபந்தனையோடு.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடலாம். வெட் லேபில் கெமிக்கல் செலவு உண்டு, காத்திருப்பு உண்டு, முடிவே வராமல் போகும் வாய்ப்பும் உண்டு. கம்ப்யூட்டர் ப்ராஜெக்ட் குறித்த தேதிக்குள் முடியும். சம்பளத்தை வைத்து எது மேல் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அது கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிறது.

முடிவு செய்ய வேண்டிய விஷயம் வேறு. எதைப் பிறகும் கற்றுக்கொள்ளலாம், எதை இப்போது விட்டால் கிடைக்காது?

லினக்ஸ் கமாண்ட் லைனையும், ஆர் (R), பைத்தான் என்ற நிரல் மொழிகளையும் படிப்பு முடிந்த பிறகும் வீட்டில் உட்கார்ந்து கற்கலாம். அமெரிக்காவின் என்.சி.பி.ஐ. நடத்தும் எஸ்.ஆர்.ஏ. என்ற தளத்தில் மூல சீக்வென்ஸ் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. 8 ஜிபி ரேம் உள்ள லேப்டாப்பிலேயே ஈஸ்ட்டின் ஆர்.என்.ஏ. சீக்வென்ஸ் தரவை ஃபாஸ்ட்க்யூசியில் தரம் பார்த்து, ஹைசாட்2-இல் ஜீனோமோடு பொருத்தி, ஃபீச்சர்கவுண்ட்ஸில் ஜீன்வாரியாக எண்ணி, டிஇசீக்2-இல் ஒப்பிடுவது வரை கொண்டுபோய்விடலாம். மனித ஜீனோமை ஸ்டார் மென்பொருளில் ஓட்டத்தான் சுமார் 30 ஜிபி ரேம் வேண்டும். லேப்டாப் தாங்காவிட்டால் இணையத்தில் இலவசமாகப் பயன்படுத்தும் கேலக்ஸி சர்வர் இருக்கிறது. டி.என்.ஏ.வைப் பெருக்கும் தெர்மோசைக்கிளரும், கிருமி கலக்காமல் வேலை செய்யும் லாமினார் ஃப்ளோ மேடையும் அப்படியல்ல. கல்லூரி அடையாள அட்டை கையில் இருக்கும்வரைதான் அவற்றின் பக்கத்தில் போக முடியும்.

அதைவிட முக்கியம், கண்ட்ரோலை, அதாவது விடை முன்பே தெரிந்த ஒப்பீட்டுச் சோதனையை வைத்துத் தவறைத் தேடும் பழக்கம். வெட் லேபில் அது தானாகவே வந்துவிடும், ஏனென்றால் அங்கே தவறு கண்முன்னே நிற்கும். பாக்டீரியாவை அடையாளம் காண உதவும் 16எஸ் ஜீனைப் பல நகல்களாகப் பெருக்கும் சாதாரண பி.சி.ஆரையே எடுத்துக்கொள்ளுங்கள். 25 மைக்ரோலிட்டர் ரியாக்‌ஷனுக்கு என்ஸைம் கலந்த 2எக்ஸ் மாஸ்டர் மிக்ஸ் 12.5, பெருக்கலைத் தொடங்கும் சிறு டி.என்.ஏ. துண்டுகளான ப்ரைமர்கள் (10 மைக்ரோமோலார்) இரண்டும் தலா 1, டி.என்.ஏ. 1, மீதி 9.5 தண்ணீர். எட்டு ட்யூபுக்குக் கலக்கும்போது ஒன்பதுக்குக் கணக்குப் போட வேண்டும், இல்லையென்றால் கடைசி ட்யூபுக்குக் குறையும். 1 மைக்ரோலிட்டரை 2–20 பைப்பெட்டில் எடுக்கக் கூடாது. அந்த அளவு அதன் வரம்பிலேயே இல்லை.

பெருகிய டி.என்.ஏ. ஜெல்லில் கோடாக, அதாவது பேண்டாக, வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். கட்டாயம் பேண்ட் வர வேண்டிய பாசிட்டிவ் கண்ட்ரோலிலும் வரவில்லையென்றால் சாம்பிளைக் குறை சொல்லிப் பயனில்லை. ரியேஜென்ட்டையும் புரோகிராமையும் பாருங்கள். மெஷினில் யாரோ சேமித்து வைத்த 30 விநாடி எக்ஸ்டென்ஷனையே (நகல் நீளும் நேரம்) ஓட்டியிருந்தால், சுமார் 1,500 பேஸ் நீளமுள்ள இந்தத் துண்டு முழுமையாக உருவாகாது. சாதாரண டாக் என்ஸைமுக்கு 72 டிகிரியில் ஒன்றரை நிமிடமாவது கொடுக்க வேண்டும். பாசிட்டிவில் பேண்ட் வந்து சாம்பிளில் வரவில்லையென்றால் உங்கள் டி.என்.ஏ.வில்தான் கோளாறு. டி.என்.ஏ. தூய்மையைக் காட்டும் 260/280 ஒளி உறிஞ்சல் விகிதம் 1.8 என்று வந்ததும் நிம்மதியாகிவிடாமல் 260/230-ஐப் பாருங்கள். அது 1-க்கும் கீழே இருந்தால் ஃபீனாலோ குவானிடின் உப்போ தங்கியிருக்க வாய்ப்பு அதிகம். டி.என்.ஏ.வைப் பத்து மடங்கு நீர்த்து மறுபடி ஓட்டினால் பல நேரம் பேண்ட் வந்துவிடும். இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமானால், பாசிட்டிவ் ட்யூப் ஒன்றில் தண்ணீரை 8.5 ஆகக் குறைத்து, சாம்பிள் டி.என்.ஏ. 1 மைக்ரோலிட்டர் சேருங்கள். அங்கே இருந்த பேண்டும் மறைந்தால் சாம்பிளில் தடுப்பான் இருக்கிறது.

டி.என்.ஏ.வே சேர்க்காத நெகட்டிவ் கண்ட்ரோலில் பேண்ட் வந்தால் வேலை இன்னும் நுணுக்கமாகும். 16எஸ்ஸில் இது அடிக்கடி நடக்கும். டாக் என்ஸைமே பெரும்பாலும் ஈ. கோலையில் தயாராவதால் அதன் டி.என்.ஏ. கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரலாம். முதலில் தண்ணீரை மாற்றுங்கள், அடுத்து ப்ரைமரை, கடைசியாக மாஸ்டர் மிக்ஸை. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். மூன்றையும் சேர்த்து மாற்றினால் பேண்ட் போய்விடும், காரணம் மட்டும் தெரியாமலே இருக்கும்.

ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் உதவிப் பேராசிரியர் தகுதிக்குமான சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வின் லைஃப் சயின்ஸஸ் தாளில் 200-க்கு 100 மதிப்பெண் பகுதி சி-க்கு. சோதனை முடிவைக் கொடுத்து என்ன புரிகிறது என்று கேட்கும் கேள்விகள் அதில் நிறைய. இப்படிப் பேண்டோடு மல்லுக்கட்டியவர்களுக்கு அந்தக் கேள்விகள் பழகியவையாக இருக்கும்.

கம்ப்யூட்டர் ப்ராஜெக்ட்டுகளில் எனக்குப் பெரிய குறையாகத் தெரிவது, தவறு நடந்தாலும் ஒரு எண் வந்துவிடுவதுதான். மூலிகைச் சேர்மங்களை ஒரு புரதத்தோடு டாக்கிங் செய்யும், அதாவது எப்படி, எவ்வளவு வலுவாக ஒட்டும் என்று கணிக்கும் ப்ராஜெக்ட்டுகளைப் பாருங்கள். ஆட்டோடாக் வினா (Vina) என்ற மென்பொருள் எதைக் கொடுத்தாலும் ஒரு மதிப்பு தரும். எண் எவ்வளவு மைனஸோ அவ்வளவு வலுவான பிணைப்பு என்று பொருள். −7.9 வந்த சேர்மத்தைவிட −8.3 வந்தது சிறந்தது என்று எழுதிவிடுகிறார்கள். அந்த 0.4 வித்தியாசம் மென்பொருளின் பிழை வரம்புக்குள்ளேயே அடங்கிவிடும். மூலக்கூறு பெரிதாக இருந்தாலே மதிப்பு இன்னும் மைனஸாகும் என்பதும் உண்டு. அதற்கும் கண்ட்ரோல் இருக்கிறது. புரதத்தின் கிரிஸ்டல் அமைப்பில் ஏற்கெனவே இருக்கும் லிகண்டை (புரதத்தோடு ஒட்டிய சிறு மூலக்கூறை) எடுத்துவிட்டு மறுபடி டாக் செய்து, பழைய இடத்திலிருந்து சராசரி விலகலான ஆர்.எம்.எஸ்.டி. 2 ஆங்ஸ்ட்ராமுக்குள் வருகிறதா என்று பார்க்க வேண்டும். அதைச் செய்யாத தீசிஸ்கள் ஏராளம், கேட்கும் கைடுகள் குறைவு.

நல்ல சர்வரும், கண்ட்ரோல் எங்கே என்று கேட்கும் கைடும் அமைந்தால் கம்ப்யூட்டர் பக்கமும் அதே பழக்கம் வரும் என்றே நம்புகிறேன். வெட் லேபிலேயே விலங்கு செல் கல்ச்சரில் எனக்கு அனுபவம் குறைவு. கன்டாமினேஷன் ஒன்றே பல வாரங்களை விழுங்கிவிடும் என்பதால் நான்கைந்து மாத ப்ராஜெக்ட்டுக்கு அதை எடுக்கத் தயங்குவேன்.

இனி அந்த நிபந்தனை. டாபிக்கை ஒப்புக்கொள்ளும் முன் கைடிடம் மூன்று விஷயம் கேளுங்கள். தெர்மோசைக்கிளரை வாரத்தில் எத்தனை நாள் நீங்களே ஓட்டலாம்? ப்ரைமரும் கிட்டும் ஏற்கெனவே ஃப்ரீசரில் இருக்கிறதா, இனிமேல்தான் ஆர்டர் போட வேண்டுமா? பைப்பெட்டுகளைக் கடைசியாக எப்போது கேலிப்ரேட் செய்தார்கள்? மூன்றாவதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். 100 மைக்ரோலிட்டர் தண்ணீரைத் தராசில் வைத்தால் 0.1 கிராமுக்கு மிக நெருக்கமாக வர வேண்டும். சீனியர் செய்வதை ஓரமாக நின்று பார்க்க மட்டும்தான் விடுவார்கள் என்று தெரிந்தால் தயங்காமல் கம்ப்யூட்டர் ப்ராஜெக்ட்டை எடுங்கள். டாக்கிங் என்றால், முதல் வாரத்திலேயே மேலே சொன்ன ரீடாக்கிங் கண்ட்ரோலை முடித்துவிடுங்கள்.