பி-38 லைட்னிங் ரிமோட் மாடல்: 40 தடவை பறக்கவிட்ட பிறகு எழுதுகிறேன்

இரண்டாம் உலகப் போர்க் கால இரட்டை எஞ்சின் விமான மாடல் ஒன்றைப் பறக்கவிட வேண்டும் என்பது எனக்கு ரொம்ப நாள் ஆசை. ஒற்றை எஞ்சின் மாடல்கள் நாலைந்து பறக்கவிட்டுக் கை நன்றாகப் பழகிய பிறகு, சரி இனி வாங்கலாம் என்று உட்கார்ந்தால் எதை வாங்குவது என்று ஒரே குழப்பம். மஸ்கிட்டோ, பி-25 மிட்செல், பி-38 லைட்னிங் இந்த மூன்றுக்கும் நடுவே ஒரு மாதம் அல்லாடிவிட்டு பி-38 வாங்கினேன். ஃபோம் உடல், இறக்கை 1.4 மீட்டர், 4எஸ் லிப்போ பேட்டரி (நாலு செல் உள்ள லித்தியம் பேட்டரி), பேட்டரியோடு எடை 2.3 கிலோ. அசலின் இறக்கை 15.85 மீட்டர் என்பதால் இது ஏறக்குறைய அதில் 11-ல் ஒரு பங்கு.

மூன்றில் அழகு மஸ்கிட்டோதான், அதில் இன்றைக்கும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. 1940-ல் முதன்முதலாகப் பறந்த மர விமானம் அது, மரச்சாமான் செய்கிற பட்டறைகளெல்லாம் சேர்ந்து பாகங்கள் செய்து கொடுத்தார்கள், கையால் மாடல் கட்டிப் பழகியவர்களுக்கு அதன் மேல் தனிப் பாசமே உண்டு. ஆனால் அது வால் சக்கர விமானம், அதாவது மூன்றாவது சக்கரம் மூக்கில் இல்லாமல் வாலில் இருக்கும். அசலிலேயே இரண்டு மெர்லின் எஞ்சினும் ஒரே பக்கமாகச் சுற்றுவதால் தராட்டிலைத் (எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோல்) திறந்ததும் மூக்கு இடப்பக்கம் இழுக்கும், இடது எஞ்சினுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்துத்தான் நேராக ஓட்டினார்கள். மாடலில் எதிரெதிராகச் சுற்றும் புரொப்பல்லர் போட்டு இந்த இழுப்பைக் குறைக்கலாம், ஆனாலும் மேடு பள்ளமான புல்தரையில் வால் சக்கர விமானம் சட்டென்று பக்கவாட்டில் திரும்பிக்கொள்ளும். நான் பறக்கவிடும் இடம் புல்தரை. அதனால் மனசில்லாமல் மஸ்கிட்டோவை விட்டேன்.

பி-25 நேர் எதிர். மூக்குச் சக்கரம், அகலமான இறக்கை, வாலில் இரண்டு ரடர் (மூக்கை இட வலமாகத் திருப்பும் பலகை), ஆட்டமே இல்லாமல் போகும். 1942 ஏப்ரல் 18 அன்று ஹார்னெட் என்ற கப்பலின் தளத்திலிருந்தே 16 பி-25 கிளம்பி ஜப்பானைத் தாக்கின, அவ்வளவு குறுகிய ஓட்டத்தில் எழும்பிய குண்டுவீச்சு விமானம். முதல் இரட்டை எஞ்சின் எது வாங்கலாம் என்று என்னைக் கேட்டால் யோசிக்காமல் பி-25 என்றுதான் சொல்வேன். எனக்கோ சுழன்று ஏறுகிற, தாழ்வாகப் பாய்ந்து போகிற விமானம் வேண்டும், குண்டுவீச்சு விமானத்தை அப்படிப் பறக்கவிட்டால் பார்க்கவே பொருத்தமாக இருக்காது. (அதே ஏப்ரல் 18-ல், சரியாக ஒரு வருடம் கழித்து, ஜப்பான் கடற்படைத் தளபதி யமமோட்டோ பயணம் செய்த விமானத்தைச் சுட்டு வீழ்த்தியவை பி-38கள். தற்செயல்தான், இருந்தாலும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தபோது அந்தத் தேதி மனதில் ஒட்டிக்கொண்டது.)

தோற்றம், வேகம், வரலாறு எல்லாம் சரி, இரட்டை எஞ்சின் மாடல் வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ஒரு மோட்டார் நின்றால் இந்த விமானம் என்ன செய்யும்? எனக்கு அதற்குப் பதில் மூன்றாவது பறத்தலிலேயே கிடைத்தது.

ஓடி எழும்பி, சக்கரத்தை மடக்கி, ஏறிக்கொண்டிருந்தேன். இரண்டு மோட்டாரும் ஒரே வேகத்தில் சுற்றும்போது ஒன்றாகக் குழைந்த ஒரு ரீங்காரம் வரும், அது சட்டென்று மெலிந்தது. என்ன என்று யோசிப்பதற்குள் மூக்கு இடப்பக்கம் திரும்பி, இடது இறக்கை இறங்கத் தொடங்கிவிட்டது. அந்த நேரத்தில் கை தானாகச் செய்யப் பார்க்கும் காரியம் ஐலரானை (இறக்கையில் விமானத்தைச் சாய்க்கும் பலகை) வலப்பக்கம் தள்ளி இறக்கையைத் தூக்குவது, அதுதான் கூடாது. வேகம் குறைந்து தடுமாறுகிற இறக்கையில் ஐலரான் கீழே இறங்கினால் அந்த நுனி இன்னும் வேகமாக விழும், விமானம் சுழன்று தரையில் குத்தும். தராட்டிலை முழுக்க இறக்கினேன், மூக்கைக் கீழே தள்ளினேன், ரடரை வலப்பக்கம் கொடுத்தேன். வேகம் வந்ததும் இறக்கை நேரானது. சக்கரத்தை இறக்க நேரம் இல்லை, நேரே எதிரில் இருந்த உயரப் புல்லில் வயிற்றால் இறக்கினேன். ஒரு புரொப்பல்லர் மட்டும் உடைந்தது.

எஞ்சின் கூட்டைத் திறந்து பார்த்தால், இடது மோட்டார் வயரில் இருந்த புல்லட் கனெக்டர் (வயர்களைச் செருகி இணைக்கும் சின்ன உலோக முனை) தனியாகக் கழன்று கிடந்தது. விளிம்பில் ஒரு பொட்டு ஈயம் மட்டும் வைத்துப் பற்ற வைத்திருந்தார்கள், குழிக்குள் ஈயம் இறங்கவே இல்லை. தொழிற்சாலையிலிருந்து வந்ததை அப்படியே நம்பினது என் தப்பும்தான். மற்ற ஐந்து கனெக்டரையும் இழுத்துப் பார்த்தேன், இன்னொன்றும் கையோடு வந்தது. ஆறையும் திரும்பப் பற்ற வைத்தேன், அதன் பிறகு ஒரு தடவைகூட மோட்டார் நிற்கவில்லை. எந்தக் கம்பெனி மாடலாக இருந்தாலும் பெட்டியிலிருந்து எடுத்ததும் இதைச் செய்துவிடுங்கள், அரை மணி நேர வேலை.

மின்சார வேலையில் இன்னும் இரண்டு விஷயம். இரண்டு ஈஎஸ்சியையும் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சாதனம்) தராட்டிலின் மேல், கீழ் அளவுக்கு ஒரே மாதிரி பழக்க வேண்டும், டிரான்ஸ்மிட்டரில் தராட்டிலை மேலே வைத்து, பேட்டரியைச் செருகி, பீப் கேட்டதும் கீழே இறக்குகிற அதே பழைய முறைதான். இது சரியில்லை என்றால் ஒரு மோட்டார் முன்னாடியே சுற்ற ஆரம்பித்துத் தரையிலேயே விமானம் வட்டமடிக்கும். இரண்டாவது, இரண்டு ஈஎஸ்சியிலும் உள்ள பெக்கும் (பெரிய பேட்டரியின் வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கும் பகுதி) ஒரே நேரத்தில் ரிசீவருக்குக் கரண்டு கொடுக்க விடாதீர்கள். நான் இரண்டின் சிவப்பு வயரையும் கழற்றி டேப் ஒட்டிவிட்டுத் தனியாக ஒரு பெக் போட்டிருக்கிறேன், சக்கரம் மடங்கும்போது சர்வோக்கள் (ரடர் போன்ற பலகைகளை அசைக்கும் சின்ன மோட்டார்கள்) துடிப்பது அதோடு நின்றது.

பறக்கும் விதத்துக்கு வந்தால், இதற்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். பி-38-ல் அசலிலேயே இரண்டு புரொப்பல்லரும் எதிரெதிராகச் சுற்றும், மாடலும் அப்படித்தான், அதனால் எழும்பும்போது இழுப்பே இல்லை, ரடரைத் தொடாமலே நேராக ஓடுகிறது. முழு தராட்டிலில் இரண்டு மோட்டாரும் சேர்ந்து 52 ஆம்பியர் எடுக்கின்றன, 4000 எம்ஏஎச் பேட்டரிக்கு அது சிரமமே இல்லை. டைமரை 6 நிமிடத்தில் வைக்கிறேன், இறங்கும்போது 30 சதவீதம் மிச்சம் இருக்கும். ஃபிளாப்பைப் (மெதுவாக இறங்க இறக்கையின் பின்னால் தாழ்த்தும் பலகை) பாதி இறக்கி, தரை வரை கொஞ்சம் தராட்டில் வைத்துக் கொண்டுவந்தால் அழகாக உட்காரும். தராட்டிலை மூடிவிட்டு மிதக்கவைக்கலாம் என்று நினைத்தால் கல் மாதிரி இறங்கும்.

அப்புறம், சக்கரம் மூன்றும் பின்பக்கமாகத்தான் மடங்குகின்றன. மடங்கியதும் எடை பின்னால் நகர்கிறது. அதனால் ஈர்ப்பு மையத்தைச் சக்கரம் மடங்கிய நிலையில்தான் பார்க்க வேண்டும். கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. இறக்கி வைத்துப் பார்த்துவிட்டு நான் முதல் பறத்தலில் எலிவேட்டரோடு (மூக்கை மேலும் கீழும் ஆட்டும் வால் பலகை) போராடினேன், பேட்டரியை 1 செ.மீ. முன்னே தள்ளியதும் சரியானது.

குறைகளும் இருக்கின்றன. மூக்குச் சக்கரத்தின் கம்பி மெலிசு, நாலு தடவை வளைந்துவிட்டது, இப்போது கூடுதல் தடிமன் கம்பி வாங்கி நானே வளைத்துப் போட்டிருக்கிறேன். பெயிண்ட் டேப்போடு உரிந்து வருகிறது. வெள்ளி நிறம் மேடையில் பார்க்க ஜோர், மேகமூட்டத்தில் காணாமல் போகிறது. இரட்டை வால் உருவம் தூரத்தில் எதிரே வருகிறதா, விலகிப் போகிறதா என்று ஏமாற்றும், இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் தெரியும். 1944 ஜூனில் நேச நாட்டு விமானங்களுக்குப் பூசிய கறுப்பு வெள்ளைப் பட்டைகளை நான் இறக்கையின் அடியில் மட்டும் பூசினேன். மேல்பக்கம் வெறும் வெள்ளி, அடிப்பக்கம் பட்டை, இப்போது திரும்பும்போது எது மேல் எது கீழ் என்று குழப்பம் வருவதில்லை.

உதிரி வாங்கும்போது எதிர்த் திசைப் புரொப்பல்லரை இரண்டாக வாங்கிக்கொள்ளுங்கள். சாதாரணத் திசையில் சுற்றுவது எங்கும் கிடைக்கும், மற்றது தீர்ந்துபோனால் விமானம் வாரக்கணக்கில் அலமாரியில்தான், என்னுடையது ஒரு முறை ஐந்து வாரம் அப்படிக் கிடந்தது. மாட்டும்போது எழுத்து உள்ள பக்கம் முன்னால் இருக்க வேண்டும், இரண்டுக்குமே. பின்னால் திருப்பி மாட்டினாலும் சுற்றும், காற்றும் வரும், ஆனால் அந்தப் பக்கம் இழுவிசை குறைந்து விமானம் ஓடுபாதையிலேயே கோணலாகப் போகும்.

இறக்கை உடலின் அடிப்பக்கம் இருக்கும் ஒற்றை எஞ்சின் மாடலை, சக்கரம் மடக்கும் வகையை, பயமில்லாமல் இறக்கத் தெரிந்தவர் தாராளமாக வாங்கலாம். இறங்கும்போது இன்னும் கை நடுங்கும் என்றால் ஒரு வருடம் பொறுங்கள், பி-38 எங்கும் போய்விடாது.