மூட்டையா, பொட்டலமா? பலகார மாவு வாங்கிய கணக்கு

கோலாலம்பூர் செந்தூலில் பதினான்காவது மாடி வீட்டில் இருந்துகொண்டு தீபாவளிக்கு பிஸ்கட்டும் கேக்கும் செய்து விற்கிறேன். "மொத்தமா வாங்கினாத்தானே லாபம்?" என்று கேட்காத ஆளில்லை. நானும் அப்படி நம்பித்தான் இரண்டு வருடம் செலாயாங் மொத்தச் சந்தைப் பக்கம் போய் 25 கிலோ மூட்டையாக மைதா மாவு எடுத்தேன். இப்போது கேக், பிஸ்கட் செய்யும் சாமான் விற்கிற பேக்கிங் கடையில் ஒரு கிலோ, இரண்டு கிலோ பொட்டலமாக வாங்குகிறேன். ஆகவே நான் எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

விலையில் மூட்டைதான் மலிவு, அதில் சண்டையே இல்லை. நான் வாங்கியபோது மூட்டை 65 வெள்ளி (ரிங்கிட்), அதாவது கிலோ 2 வெள்ளி 60 காசு. அதே மாவு பேக்கிங் கடையில் 3 வெள்ளி 10 காசு. மானிய மாவு 1 கிலோ பொட்டலம் 1 வெள்ளி 35 காசுதானே என்பீர்கள். அது வீட்டுச் சமையலுக்கென்று அரசாங்கம் கொடுப்பது. விற்கிற பிஸ்கட்டுக்கு அதை எடுக்க எனக்கு மனசு வரவில்லை. சீனிக்கும் கட்டுப்பாட்டு விலை இருப்பதால், மூட்டையாக எடுத்துப் பெரிதாக ஒன்றும் மிச்சமாகாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மாவு வாங்குவது ஒரு நாள் வேலை, வைத்துக் காப்பாற்றுவதுதான் மாதக்கணக்கில் இழுக்கும். இரண்டாவது வருடம் தீபாவளிக்கு எனக்குச் செலவானது 16 கிலோ. மீதி 9 கிலோவை, 35 வெள்ளி கொடுத்து வாங்கிய மூடி போட்ட பிளாஸ்டிக் டோங்கில் கொட்டி, சீனப் பெருநாள் ஆர்டருக்கு ஆகும் என்று அடுப்படி மூலையில் வைத்தேன். கிறிஸ்துமஸ் கேக்குக்கு 3 கிலோ எடுத்தபோது ஒரு குறையும் தெரியவில்லை. ஜனவரியில் மறுபடி திறந்தேன். முதலில் வாடை, பழைய அட்டைப்பெட்டி வாடை. சல்லடையில் போட்டுத் தட்டினால் எள் அளவு பழுப்பு வண்டுகள். விரல் பட்டதும் செத்த மாதிரி கிடந்துவிட்டு, கொஞ்ச நேரத்தில் ஓரமாக நடக்க ஆரம்பித்தன. மூடியை அத்தனை இறுக்கமாக மூடியும் எப்படி வந்தது என்று முழித்தேன். வெளியிலிருந்து வரவேண்டியதே இல்லை. பல நேரம் வண்டின் முட்டை மாவோடுதான் வருகிறது. நம் ஊர்ச் சூட்டில் அது முழு வண்டாக ஒரு மாதம் போதும். டோங் அதற்குக் கட்டிக்கொடுத்த வீடு மாதிரி.

6 கிலோ குப்பைக்குப் போயிற்று. அப்போதுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நான் உபயோகித்தது 19 கிலோ. அதையே பொட்டலமாக வாங்கியிருந்தால் 58 வெள்ளி 90 காசு. மலிவு என்று எடுத்த மூட்டை 65 வெள்ளி. டோங் காசை இதில் சேர்க்கவே இல்லை. மூட்டையைத் தோளில் சுமந்துவந்த வீட்டுக்காரரின் முதுகையும் சேர்க்கவில்லை, அன்றைக்குப் பார்த்து லிப்ட் வேறு வேலை செய்யவில்லை.

வண்டு முட்டையைச் சாகடிக்க ஒரு வழி உண்டு. மாவை மூன்று நான்கு நாள் உறைபெட்டியில் வைத்து எடுக்கலாம். 2 கிலோ பொட்டலம் மீனுக்கும் ஐஸ்கிரீமுக்கும் நடுவில் உட்கார்ந்துவிடும். 25 கிலோவை எங்கே வைப்பது?

இன்னொன்று, மூட்டை எடுத்தால் ஒரே வகை மாவுதான். கேக்குக்குப் புரதம் குறைந்த மாவு வேண்டும், 8 சதவீதம் அளவில். பன்னுக்கு 12க்கு மேல். பிஸ்கட்டுக்கு நடுத்தரம் போதும். மூன்றுக்கும் மூன்று மூட்டை என்றால் நாங்கள் வெளியே வராந்தாவில்தான் படுக்க வேண்டும்.

பேக்கிங் கடை மேலும் எனக்குக் குறை உண்டு. நான் போகும் கடையில் பிரித்துக் கட்டிய பொட்டலத்தில் கடைக்காரர் ஒட்டிய தேதி மட்டும்தான் இருக்கும், ஆலையின் தேதி தெரியாது. மலாய்க்கார வாடிக்கையாளர் ஹலால் முத்திரை கேட்டால், மூட்டையிலோ கம்பெனி பொட்டலத்திலோ அச்சடித்தது இருக்கும், இதில் இருக்காது. அப்படிப்பட்ட ஆர்டருக்கு மட்டும் சூப்பர்மார்க்கெட்டில் கம்பெனி பொட்டலமே எடுக்கிறேன், சில காசு கூடினாலும் பரவாயில்லை. பேக்கிங் பவுடரும் ஈஸ்டும் எந்தக் கடையில் வாங்கினாலும் சின்ன அளவே போதும். திறந்து வைத்தால் வீரியம் போய்விடும்.

மொத்தமாக நான் இன்னமும் வாங்குவது நெய் ஒன்றுதான். கியூபிபி நெய் டின்னை அட்டைப்பெட்டியாக எடுத்து வைப்பேன். திறக்காத டின்னை வண்டு ஒன்றும் செய்யாது, மிஞ்சினாலும் வீட்டில் தோசைக்கு ஆகும்.

கடை வாடகைக்கு எடுத்து, வாரம் ஒரு மூட்டை தீர்க்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது என்றுதான் தோன்றுகிறது. மாவு ஒரு மாதம் தங்காத இடத்தில் வண்டுக்கு ஏது நேரம்? ஆனால் அந்த அளவில் நான் வேலை செய்ததில்லை. ரவாங்கில் இருக்கும் என் நாத்தனார் இந்த வருடம் ஒரு மூட்டையைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ளலாம் என்கிறார். சரி என்று சொல்லியிருக்கிறேன், ஒரு நிபந்தனையோடு. மூட்டை அவர் வீட்டில்தான் இறங்கவேண்டும்.